அடிக்குரலின் இடம்

“நல்ல சட்டையா ஒண்ணு எடும்மா. தண்ணி ஊத்தியாச்சி, ஈரத்தோட கெடக்குறான்” என்று பந்தலிலிருந்து இரண்டாவது தடவையாகக் குரல் கொடுத்தார் கலியமூர்த்தி. செத்துப்போன கொளஞ்சிநாதனுக்கு அண்ணன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து எட்டு மணி பஸ்ஸுக்கே வந்து இறங்கி, பந்தல்காரன், பறைக்காரர்கள், குழி வெட்டுகிறவர்கள் என்று எல்லாரையும் அவர்தான் மேய்த்துக்கொண்டிருந்தார்.

அம்சவல்லி பீரோவைத் திறந்துவைத்துக்கொண்டு அதன் முன்னால் நின்றாள். நல்ல சட்டை பீரோவில் இல்லை. அது ஜன்னல் கம்பியில் ஹேங்கரோடு தொங்கிக்கொண்டிருந்தது. முழுக்கை வைத்த வெள்ளைச் சட்டை. கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் கொளஞ்சிநாதன் இஸ்திரிப் பெட்டியைத் தொட்டது நேற்றுதான். மேசையில் போர்வையை மடித்துப் போட்டு, காலரில் விழுந்த ஒரு மடிப்பை எடுப்பதற்குத் தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைமணி நேரம் மல்லுக்கட்டினார். அவள் தேங்காய் துருவிக்கொண்டே அதைப் பார்த்தாள். இப்படிக் கொடுங்க என்று எழுந்துபோய் வாங்கவில்லை.

அந்தச் சட்டை இன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்காகத் தேய்த்தது. இப்போது மணி பதினொன்று. அதைப் போட்டுவிட்டால் சாயங்காலத்துக்கு வேறு சட்டைக்கு எங்கே போவார் என்று ஒரு நொடி நினைத்தாள். நினைத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உறைத்தது. ஹேங்கரைக் கழற்றிச் சட்டையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கலியமூர்த்தி சட்டையை உதறும்போது பையிலிருந்து மூக்குக்கண்ணாடி எட்டிப் பார்த்தது. படிக்கிற கண்ணாடி. மறந்துபோகக் கூடாதென்று ராத்திரியே எடுத்துப் பையில் வைத்திருக்கிறார்.

“இத எடுத்துடவா?”

“இருக்கட்டும் மாமா.”

விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்தவர் வெந்நீர் வைத்தார். உப்புப் போட்டுக் கலக்கி, கைப்பிடி கோணிக்கொண்டதால் கம்பெனியில் கழித்துக்கட்டிய கப்பு ஒன்றில் ஊற்றிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். அந்த வீட்டில் இருக்கிற கப்பெல்லாம் அப்படிக் கழித்துக்கட்டியதுதான். அவர் தொண்டை கொப்பளிக்கும் சத்தம் படுக்கையில் கிடந்த அம்சவல்லிக்குக் கேட்டது. ஆரம்பிச்சிட்டாரு என்று புரண்டு படுத்தாள். கொப்பளிப்பு நடுவில் நின்றது. துப்புகிற சத்தம் வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தபோது துவைக்கிற கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கப்பு உடையாமல் மடியில் கிடந்தது. ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. பாவம், பாட்டு பாடப் போற அன்னிக்குப் பாத்து. இன்னும் பன்னெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதா? பந்தலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் இதை மாற்றி மாற்றிச் சொன்னார்கள். உள்ளே அம்சவல்லிக்கும் அது கேட்டது. ஏன் இன்றைக்குப் பார்த்து என்று அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். வெளியே சொல்ல முடியாது.

கொளஞ்சிநாதனுக்கு வேலை சூளையில். செராமிக் காலனிக்குப் பின்னால் இருக்கிற கம்பெனியில் கப்பு, ஜாடி, ஃபியூஸ் கட்டை எல்லாவற்றையும் சுட்டு எடுக்கிறவர். சூளைக் கதவைச் சாத்தச் சொல்லி அவர் ஒரு சத்தம் கொடுத்தால் ரெண்டு தெரு தாண்டிக் கேட்கும். இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் அந்தச் சத்தம் வேதக்கோயில் பாட்டு வாத்தியார் காதில் விழுந்தது. அவர் தன் பாட்டுக்குழுவான கொயருக்கு நல்ல அடிக்குரல் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்த மனிதர். சைக்கிளை நிறுத்திவிட்டு நேராகச் சூளைக்கே வந்து, “பாடுவியாப்பா?” என்று கேட்டார். நெற்றியில் விபூதியும் லுங்கியும் வியர்வையுமாக நின்ற கொளஞ்சிநாதன், “பாடுனதில்லீங்க, சொல்லிக்குடுத்தா பாடறேன்” என்றார். அவ்வளவுதான். மதமும் மாறவில்லை, விபூதியும் அழியவில்லை. வெள்ளிக்கிழமை கொளஞ்சியப்பர் கோயில், வியாழக்கிழமை வேதக்கோயிலில் பாட்டுப் பயிற்சி என்று ஓடிக்கொண்டிருந்தது.

வாரத்தில் ஒரு நாள் என்பது தினமும் என்று ஆனது இரண்டு வருஷமாகத்தான். அதற்கு ஒரு கதை உண்டு. கிட்டத்தட்ட இருநூற்றெண்பது வருஷத்துக்கு முன்னால் தரங்கம்பாடியிலிருந்து ஒரு உபதேசியார் இந்த ஊருக்கு வந்து மணிமுத்தாற்றங்கரைச் சத்திரத்தில் மூன்று மழைக்காலம் தங்கியிருந்தாராம். கையில் ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்த இசைச்சுவடி. இயேசு பட்ட பாடுகளை நாலு குரலில் இரண்டு மணி நேரம் பாடுகிற பாட்டு. அதை உட்கார்ந்து தமிழாக்கினார். இந்த ஊரிலேயே பேதியில் செத்தும் போனார். அவர் எழுதியது கப்பலேறி ஜெர்மனிக்குப் போய் ஏதோ ஒரு நூலகத்தில் தூங்கியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரம்மா அதை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வந்து, இது உங்கள் ஊரில் எழுதியது, நீங்கள்தான் பாட வேண்டும் என்று கொடுத்துவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்தில் ஒருவரும் பாடாத பாட்டு. குருத்தோலை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாடுவதென்று முடிவானது. தினமும் ஐந்தரைக்குப் போனால் கொளஞ்சிநாதன் வீடு திரும்ப எட்டரை ஆகும்.

பயிற்சி கோயிலோடு நின்றால் பரவாயில்லை. வீட்டிலும் நடந்தது. இடது கைச் சுட்டுவிரலால் தொடையில் தட்டிக்கொண்டே இருப்பார். வாய் திறக்காது. தட்டு, தட்டு, தட்டு. பத்தொன்பது தட்டு முடிந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரே ஒரு வார்த்தை வரும். “மணலே.” மறுபடியும் பத்தொன்பது தட்டு. மறுபடியும் “மணலே.” அவ்வளவுதான் பாட்டு.

“என்னாங்க, வூடு கட்டப் போறீங்களா? மணலு மணலுன்னு லாரிக்காரன் மாரி” என்று அம்சவல்லி முதல் நாள் கேட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த வாரம் கலியமூர்த்தி வந்திருந்தபோது அவர் முன்னாலேயே, “ஒங்க தம்பி பாட்டக் கேட்டீங்களா மாமா, கெணத்துத் தவள தேவலாம்” என்றாள். அன்று அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் காது படப் பாடியதும் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாடினார். ஆனாலும் அந்தக் குரல் கதவைத் தாண்டி வந்துவிடும். அடுப்படியில் நிற்கிற அம்சவல்லி தன்னையறியாமல் எண்ணிக்கொண்டிருப்பாள். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. மணலே.

மனுஷனுக்குப் பாடவே வராது, ஏதோ ஆள் பற்றாமல் வைத்திருக்கிறார்கள் என்றுதான் கடைசிவரைக்கும் நினைத்தாள்.

அவளுக்குப் பாட்டு மேல் என்ன கோபம்? மகள் பூர்ணிமாவைக் கட்டிக்கொடுத்து ஓசூருக்கு அனுப்பியபின் சாயங்காலம் என்று ஒன்று அந்த வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தரைக்கு அவர் படியிறங்கினால், எதிரே பொம்மைப் பட்டறையில் பெண்கள் வேலை முடிந்து போவார்கள், தெரு அடங்கும், டிவியில் யாராவது அழுதுகொண்டிருப்பார்கள். சில நாள் விளக்குப் போடாமலேயே உட்கார்ந்திருப்பாள். ஒருத்தருக்காக டீ போடுவதா என்று அடுப்பைப் பற்றவைக்க மாட்டாள். மூன்றாவது தெருவில்தான் வேதக்கோயில். போயிருக்கலாம். ஒரு நாளு வாயேன் என்று அவரும் கேட்டிருக்கிறார். “எனக்கென்னா அங்க வேல” என்றாள். அவர் இல்லாமல் தனியாக இருந்ததை விட, அவருக்கு அங்கே போனால் சந்தோஷம் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

தை மாதம் ஒரு திங்கட்கிழமை, கடைத்தெருவுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மணவாளநல்லூருக்கு பஸ் ஏறினாள். கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது கட்டுவது இந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆடு காணாமல் போனாலும், அண்ணன் தம்பி நிலத்தை வளைத்துக்கொண்டாலும், போலீஸுக்குப் போகாமல் சாமிக்கு மனு எழுதுவார்கள். மூன்று நாள், மூன்று வாரம், மிஞ்சிப்போனால் மூன்று மாதத்தில் சாமி விசாரித்து முடித்துவிடும் என்பது நம்பிக்கை. பூர்ணிமாவின் பழைய கோடுபோட்ட நோட்டில் கிழித்த தாளில் அம்சவல்லி எழுதினாள்:

‘அருள்மிகு கொளஞ்சியப்பர் சாமி அவர்களுக்கு, செராமிக் காலனி அம்சவல்லி எழுதிக்கொண்ட பிராது. என் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் தினமும் சாயங்காலம் என்னைத் தனியாக விட்டுவிட்டு வேதக்கோயிலுக்குப் பாட்டுப் பாடப் போகிறார். சொன்னால் கேட்பதில்லை. அந்தப் பாட்டை நிறுத்தி, அவரை வீட்டோடு இருக்கச் செய்ய வேண்டியது.’

சாமி பெயரையே வைத்திருக்கிற ஆளைப் பற்றிச் சாமியிடமே புகார். எழுதும்போது அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது. காகிதத்தை மடித்து, சன்னதியில் வைத்து வாங்கி, அங்கேயே இருக்கிற முனியப்பர் வேலில் நூல் சுற்றிக் கட்டிவிட்டு வந்தாள். வந்து அவருக்குப் பிடித்த காராமணிக் குழம்பு வைத்தாள்.

இன்று பங்குனி. மூன்று மாதம் இன்னும் முடியவில்லை. பாட்டு நின்றுவிட்டது. மனுஷன் வீட்டோடு இருந்தார், பந்தலுக்குக் கீழே, பெஞ்சில், காலரில் மடிப்பு இல்லாத வெள்ளைச் சட்டையோடு.

பன்னிரண்டரைக்குப் பூர்ணிமா வந்தாள். காரிலிருந்து இறங்கும்போதே கதறிக்கொண்டு வந்தவள் அப்பாவின் மேல் விழுந்து அழுதாள். பிறகு அம்மாவைக் கட்டிக்கொண்டு, “ஒரு வார்த்த சொல்லிட்டுக்கூடப் போவலியேம்மா” என்றாள். அம்சவல்லிக்குக் கண்ணீர் வரவில்லை. நேற்றுச் சொன்னாரே. சட்டையை ஹேங்கரில் மாட்டிவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டே, “நாளைக்கு ஒரு நாளு வா. அவ்ளோதான், அப்பறம் கேக்க மாட்டேன்” என்றார். அவள் தேங்காய் ஓட்டைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

வேதக்கோயில்காரர்கள் ஒரு மணிக்கு வந்தார்கள். பன்னிரண்டு பேர். காலையில் குருத்தோலை ஊர்வலம் போன கையோடு வந்ததால் சிலர் கையில் இன்னும் ஓலை இருந்தது. பிணத்துக்கு முன்னால் வந்ததும் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் மறைத்துக்கொண்டார்கள். பறைச் சத்தம் நின்றது. கலியமூர்த்தி எழுந்து, “வாங்க. பாட்டு கீட்டு எதும் பாடப் போறீங்களா? எங்க மொறயில அது வழக்கமில்ல” என்றார்.

“இல்லீங்க ஐயா. மொகத்தப் பாத்துட்டுப் போவத்தான் வந்தோம்” என்று ஒரு பெண் சொன்னாள். எல்லாரும் வரிசையாக நின்று பார்த்தார்கள். உயரமாய் இருந்த ஒருவர், தங்கதுரை என்று பெயராம், கொளஞ்சிநாதனின் சட்டைப் பையில் இருந்த கண்ணாடியைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்தப் பெண் மட்டும் உள்ளே வந்து அம்சவல்லிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

“அண்ணி, நான் அமுதவள்ளி.”

பழைய பாட்டு வாத்தியாரின் மகள். அவர் காலத்துக்குப் பிறகு கொயரை நடத்துகிறவள். அமுதவள்ளி டீச்சர் சொன்னாங்க, அமுதவள்ளி டீச்சர் நிறுத்தச் சொன்னாங்க என்று அவர் வாயில் நாளெல்லாம் அரைபடும் பெயர். அம்சவல்லி மனசுக்குள் ஒரு பெரிய ஆளை, பட்டுப்புடவையும் கைக்கடிகாரமுமாக உட்காரவைத்திருந்தாள். இவள் குள்ளமாக, கழுத்தில் வேர்க்குருவும் தோளில் வெளுத்துப்போன பையுமாக இருந்தாள். மங்கலம்பேட்டை ஸ்கூலுக்கு தினமும் பஸ்ஸில் போய்வருகிற டீச்சர். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. இவள் மேலா இத்தனை வருஷம் பொறாமைப்பட்டோம் என்று அம்சவல்லிக்கு வெட்கமாக இருந்தது. அண்ணி என்று வேறு கூப்பிடுகிறாள்.

“இன்னிக்கு சாயங்காலம் நிறுத்திட்டோம் அண்ணி. வெளிநாட்டுலேந்து வந்தவங்ககிட்டயும் சொல்லியாச்சி. ஸ்பீக்கர் கட்டுனவர மட்டும் இன்னும் அவுக்கச் சொல்லல.”

நிறுத்திட்டோம். அவள் எழுதிய வார்த்தை. சாமி ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறது.

“ஏன் நிறுத்துனீங்க?” என்றாள் அம்சவல்லி. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “அவுரு என்னா பாடுவாரு, ஒரு வார்த்த, ரெண்டு வார்த்த. அவுரு ஒருத்தர் இல்லன்னா என்னா?”

டீச்சர் அவளை நிமிர்ந்து பார்த்தாள். “நீங்க கேட்டதே இல்லல்ல அண்ணி? நாலு கொரலு சேந்தாத்தான் அந்தப் பாட்டு. மத்த மூணு கொரலுக்கும் ஆளு இருக்குது. அடிக்கொரலு அண்ணன் ஒருத்தர்தான். அவரு நிக்கிற எடத்துமேலதான் நாங்க அத்தன பேரும் நிக்குறோம்.”

“மணலேன்னுதான சொல்லுவாரு.”

“அவரு கூப்புடுவாரு. நாங்க சேதி சொல்லுவோம்.”

“யார?”

“மணலத்தான். இயேசுவ அடக்கம் பண்ண எடுத்துட்டுப் போவாங்கல்ல, அந்த எடம். ஜெர்மன்ல தோட்டம், கல்லறைன்னு இருக்குது. உபதேசியாரு நம்ம ஆத்தங்கரையில ஒக்காந்து எழுதுனாரா, மணல்னு மாத்திட்டாரு.” டீச்சர் சாவு வீட்டில் பாடக் கூடாதென்று, பாடம் ஒப்பிப்பது போலத் தணிந்த குரலில் சொன்னாள். “மெல்லத் தாங்கு. நெடுவழி நடந்தவர். சுட்ட பாதம். மெல்லத் தாங்கு. இது எங்களுக்கு. நாங்க இத முடிக்க பத்தொம்பது எண்ணிக்க ஆவும். அதுவரைக்கும் அண்ணன் சும்மா நிப்பாரு. அப்பறம் மணலேன்னு கூப்புடுவாரு.”

தட்டு, தட்டு, தட்டு. அம்சவல்லி தன் கையைப் பார்த்தாள். இரண்டு வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று அவள் கேட்டது நாலில் ஒன்று. மற்ற மூன்றும் அவர் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன. இப்படி இருக்குது பாட்டு, நீ கேக்குறது ஓரந்தான் என்று அவரும் ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. சொல்ல விட்டாளா அவள்?

“முன் வரிசையில ஒரு சேரு போட்டு வெக்கச் சொன்னாரு அண்ணி. நேத்து வந்து ரெண்டு தடவ நகத்தி நகத்திப் போட்டாரு. தூணு மறைக்கக் கூடாதாம். இன்னும் அங்கதான் கெடக்குது. எங்களுக்கு எடுக்க மனசு வரல.”

அப்போதுதான் அழுகை வந்தது. சத்தம் போட்டு அழவில்லை. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் கோணி, மூச்சுமுட்ட அழுதாள். பந்தலில் பறை மறுபடி ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் அம்சவல்லி சொன்னாள்:

“நான் பிராது கட்டுனேன் டீச்சர். கொளஞ்சியப்பர்கிட்ட. பாட்ட நிறுத்தணும், அவரு வூட்டோட இருக்கணும்னு எழுதிக் கட்டுனேன். நானே எழுதுனேன். யாருக்கும் தெரியாது.”

டீச்சர் அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லவில்லை. அவளும் இந்த ஊர்க்காரிதான். “எங்கம்மாவே ஒரு தடவ கட்டியிருக்காங்க அண்ணி, அப்பாவுக்குத் தெரியாம. எங்க ஆடு காணாமப் போனப்ப” என்றாள்.

“கெடச்சிதா?”

“கெடச்சிது. அப்பறம் போயி வாபஸ் வாங்கிட்டு வந்தாங்க.”

“என்னால வாபஸ் வாங்க முடியாதே. தீட்டுக்காரி எந்த மொகத்த வெச்சிக்கிட்டு கோயில் படி மிதிப்பேன்?” அம்சவல்லி கண்ணைத் துடைத்தாள். “நீங்க பாடுங்க டீச்சர். நிறுத்தாதீங்க. நிறுத்துனா நான் எழுதுனது செல்லுபடி ஆயிடும். நான் கொன்னதாத்தான் ஆவும்.”

“அண்ணி, அடிக்கொரலு இல்லாம…”

“பாடுங்க.”

டீச்சர் யோசித்தாள். “கீபோர்டுல தங்கதுரைய அந்த எடத்த வாசிக்கச் சொல்லலாம். ஆனா அவரே ஒடஞ்சி போயி வெளிய நிக்குறாரு. எல்லாரையும் கேக்கணும்.”

“அதுல வாசிக்க வேணாம். அவரு எடத்த அவருக்கே வுட்டுடுங்க.”

டீச்சர் எழுந்தாள். சாவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. கையை மட்டும் ஒரு தடவை அழுத்திவிட்டுப் போனாள். பாடுகிறோம் என்றோ மாட்டோம் என்றோ சொல்லவில்லை.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். வாய்க்கரிசி போடும்போது அம்சவல்லிக்கு அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. பெண்கள் தெருமுனை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். அதற்கு மேல் ஆண்கள்தான். கலியமூர்த்தியின் மகன் கோகுலகிருஷ்ணன் சட்டியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தான். அவர்கள் வகையறாவில் எரிப்பதில்லை, ஆற்றங்கரையில் புதைப்பதுதான் வழக்கம். ஊர்வலம் வேதக்கோயில் தெருவைத் தாண்டும்போது பறைச் சத்தம் கொஞ்சம் தணிந்து, பிறகு மறுபடியும் ஏறியது. யார் தணிக்கச் சொன்னார்கள் என்று தெரியவில்லை.

வீட்டைக் கழுவிவிட்டார்கள். கூடத்தில் ஒரு படி நெல்லும் செம்பில் தண்ணீரும் வைத்து விளக்கேற்றினார்கள். ஐந்து மணிக்குக் காட்டுக்குப் போனவர்கள் குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கலியமூர்த்தி மட்டும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார்.

“நல்ல எடம்மா. ரெண்டாளு ஆழம் மணலுதான். கல்லு இல்ல, வேரு இல்ல” என்றார். தம்பிக்குக் கடைசியாகச் செய்ததை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போல் இருந்தது அவருக்கு. “காலைல வந்து பால் தெளிச்சிடலாம். நீ எதுனா சாப்புடு.”

அவரும் போனார். பூர்ணிமா அடுப்படியில் பாத்திரங்களைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பட்டறை ஞாயிற்றுக்கிழமை என்பதால் பூட்டிக் கிடந்தது. அம்சவல்லி விளக்குக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். விளக்கைத் தனியாக விடக் கூடாது. பழக்கப்பட்ட சாயங்காலம்தான். ஒரே வித்தியாசம், எட்டரை மணிக்கு வாசலில் செருப்புச் சத்தம் கேட்காது. இத்தனை நாளும் தனியாக இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தாளே, அது தனிமையே இல்லை, காத்திருந்தது என்று இப்போது தெரிந்தது.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்தரை ஆனது. ஒன்றும் கேட்கவில்லை. ஐந்து முப்பத்தைந்து. தெருவில் ஒரு பைக் போனது. ஐந்து நாற்பது. கயிற்றை அவிழ்த்திருப்பார்கள், ஸ்பீக்கரை இறக்கி வண்டியில் ஏற்றியிருப்பார்கள். சேரையும் மடக்கி வைத்திருப்பார்கள். வேலில் கட்டிய காகிதத்தை நினைத்துக்கொண்டாள். நூல் நன்றாக இறுகக் கட்டியிருந்தாள், காற்றுக்குக்கூட அவிழாது.

ஐந்து ஐம்பதுக்குக் கரகரவென்று ஒரு சத்தம். யாரோ மைக்கை ஊதினார்கள். பிறகு கீபோர்டு, பிறகு பெண்கள் குரல்கள்.

அம்சவல்லிக்கு எதுவும் புரியவில்லை. ஒருத்தி ஒன்று சொல்ல, இன்னொருத்தி அதையே பிடித்துக்கொண்டு ஓட, நடுவில் ஆண் குரல் வந்து சேர்ந்தது. எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று பிடிபடவில்லை. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. பூர்ணிமா வந்து லைட்டைப் போடப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அவள் திரும்ப அடுப்படிக்குப் போனாள். பாட்டு ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் போனது. சில இடங்களில் திடீரென்று அடியில் ஒன்றும் இல்லாமல் அந்தரத்தில் நின்றது. இங்கேயெல்லாம் அவர் இருந்திருப்பார் போல.

பிறகு எல்லாம் அடங்கி, மெதுவாக, தாலாட்டு போல ஒன்று ஆரம்பித்தது.

*மெல்லத் தாங்கு.*

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இடது கைச் சுட்டுவிரல் தானாகத் தொடையைத் தட்டத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. *நெடுவழி நடந்தவர்.* ஏழு, எட்டு. *சுட்ட பாதம்.* சூளைத் தரையில் முப்பது வருஷம் நின்ற கால். சாயங்காலம் வந்தால் வாளித் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்காருவார். பதிமூன்று, பதினாலு. *மெல்லத் தாங்கு.* பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது.

ஸ்பீக்கர் சும்மா இருந்தது. கீபோர்டும் வாசிக்கவில்லை. மூன்று தெருவுக்கும் கேட்கும்படி ஒரு சொல்லின் அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள். விளக்கு அசையாமல் எரிந்தது. அம்சவல்லியின் வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அதற்குள் பெண்கள் குரல்கள் மறுபடி ஆரம்பித்துவிட்டன.

ஒன்று. இரண்டு. மூன்று. அவள் எண்ணிக்கொண்டே வந்தாள். பத்தொன்பதில் தட்டு நின்றது. மறுபடியும் அந்த இடம் வந்தது.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்று, பூர்ணிமா எட்டிப் பார்த்தாள்.

“அம்மா? கூப்புட்டியா?”

“இல்ல. நீ வேலையப் பாரு.”

விரல் ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தது.